ஐம்பது வயதுத் தோளும் சீன ஊசியும்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். தோளின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு டிசம்பர் மாதக் காலையில், ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையின் முன்னால். பலகையின் மேல் மூலையில் தேதி எழுதக் கையைத் தூக்கினேன். தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து நிறுத்தியதுபோல் நின்றுவிட்டது. அன்று முதல் பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதினேன். "டீச்சர், பின்னாடி இருக்கிற எங்களுக்குத் தெரியல" என்று கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் முறையிட்ட பிறகுதான், இது ரெண்டு நாள் தைலம் தேய்த்தால் போகிற வலி இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில், ஐம்பதைத் தொட்ட பெண்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பின்னலை முடிய முடியலை", "பரண்ல இருக்கிற டப்பாவை எடுக்க முடியலை", "ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியலை" என்று ஒருவராவது சொல்வார். ஆண்களுக்கு பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போதும், பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கும்போதும் தெரியவரும். கேட்டால் எல்லோரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று சீன ஊசி வைத்தியம், அதாவது அக்குபங்சர். அதை நான் செய்துகொண்டேன். செய்துகொண்டதோடு நிற்காமல், அது என்ன, எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். இடையில் ஒரு தவறும் செய்தேன். இவற்றை மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், நோய் எது?

தோள்மூட்டு ஒரு கிண்ணமும் பந்தும் போன்ற அமைப்பு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பந்து. தோள்பட்டை எலும்பில் உள்ள ஆழமில்லாத குழி கிண்ணம். கிண்ணம் ஆழமில்லாததால்தான் உடம்பின் எல்லா மூட்டுகளையும்விடத் தோள் அதிகமாகச் சுழல்கிறது. இந்த மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை தளர்வாகப் பை போலக் கிடக்கும். அந்த உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிட்டால் பந்து திரும்ப இடமில்லாமல் போகிறது. இதைத்தான் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்கிறார்கள். தமிழில் உறைந்த தோள் எனலாம். 1934-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் இந்தப் பெயரைச் சூட்டினார்.

நம் சித்த மருத்துவத்தில் இதைக் கும்பவாதம் என்ற பெயரில் அடையாளம் காண்கிறார்கள். ஆயுர்வேதத்தில் அபபாஹுகம். சீனர்களும் ஜப்பானியர்களும் வைத்திருக்கும் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது: 'ஐம்பது வயதுத் தோள்'. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், அதிலும் பெண்களுக்கு அதிகமாக வருகிற நோய்க்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது.

இந்த நோய் மூன்று கட்டங்களாக நடக்கும். முதலில் வலி ஏறிக்கொண்டே போகும் சில மாதங்கள். இரவில் அதிகம் வலிக்கும். அடுத்து, வலி சற்றே குறைந்து இறுக்கம் உச்சத்தில் நிற்கும் காலம். கடைசியில் இறுக்கம் மெல்ல இளகும் காலம். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் ஆகலாம். பலருக்கு ஏறத்தாழ முழுக்கச் சரியாகிவிடும். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிச்சமிருக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மற்றவர்களைவிட இவர்களுக்கு இந்நோய் பல மடங்கு அதிகமாக வருகிறது. வந்தால் நீண்ட நாள் நீடிக்கிறது. ஒரு தோள் சரியானபின் மறுதோளுக்கும் வரக்கூடும். இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரை, மூட்டு உறையில் உள்ள நார்ப்புரதத்தோடு ஒட்டி அதை விறைப்பாக்குவது இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். எனக்கு அப்போது வயது 53. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை.

தோளில் வலிப்பதெல்லாம் உறைந்த தோள் ஆகிவிடாது. தசைநார் கிழிந்திருக்கலாம், கழுத்தெலும்புத் தேய்மானத்தின் வலி தோளுக்கு இறங்கலாம், பித்தப்பை வலிகூட வலது தோளில் தெரியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாரடைப்பின் வலி தோளிலும் கையிலும் பரவலாம். என்னைப் பார்த்த எலும்பு மருத்துவர் என் கையைத் தளர்வாக விடச் சொல்லி, தானே தூக்கிப் பார்த்தார். அவர் தூக்கியும் போகவில்லை. "நீங்க தூக்க முடியாம, நான் தூக்கினா போச்சுன்னா தசைநார் சமாச்சாரம். நான் தூக்கியும் போகலைன்னா மூட்டு உறை இறுகியிருக்கு" என்றார். எக்ஸ்ரே எடுத்தார், எலும்பில் கோளாறு இல்லை. அந்த ஒரு நாள் பரிசோதனைதான் பின்னால் நான் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சீனர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

சீன மருத்துவத்தில் 'ச்சி' என்று உச்சரிக்கப்படும் உயிராற்றல் உண்டு. நாம் பிராணன், வாசி என்று சொல்வதற்குப் பக்கத்தில் வருவது. அது உடம்பில் 12 முக்கியப் பாதைகள் வழியே ஓடுவதாகக் கொள்வார்கள். பாதைகளின்மேல் இன்று உலகளவில் ஏற்கப்பட்ட புள்ளிகள் 361. ஓட்டம் சீராக இருந்தால் வலி இல்லை, தடைபட்டால் வலி. தடைக்குக் காரணங்களாகக் காற்று, குளிர், ஈரம் ஆகிய மூன்றைச் சொல்வார்கள். நம்மூரில் வாதம் என்றால் காற்றுத்தானே! ஜனவரி வாடையில் ரஜாயிலிருந்து வெளியே நீட்டிய தோளும், ஜூன் மாதத்தில் கூலரின் ஈரக்காற்றுக்கு நேரே படுத்த தோளும் நோகும் என்று தில்லிக்காரர்கள் சொல்வதைச் சீன வைத்தியர் கேட்டால், "சரிதான்" என்று தலையாட்டுவார்.

கையிலிருந்து தலைக்குப் போகும் மூன்று பாதைகள் தோளைக் கடக்கின்றன. முன்பக்கம் போவது பெருங்குடல் பாதை. பக்கவாட்டில் போவது 'மூவெப்ப' பாதை. பின்பக்கம் போவது சிறுகுடல் பாதை. ஆகவே சீன முறை வைத்தியர் முதலில் கேட்பது "எங்கே வலிக்குது, விரல் வைத்துக் காட்டுங்க" என்பதே. முன்னால் வலித்தால் ஒரு பாதை, பின்னால் வலித்தால் இன்னொன்று. தோளைச் சுற்றியே மூன்று புள்ளிகளுக்கு ஊசி வைப்பது வழக்கம். 'தோளின் மூன்று ஊசிகள்' என்றே அதற்குப் பெயர். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோள்முனையில் முன்னும் பின்னும் இரண்டு சிறு குழிகள் விழும். முன்குழியில் உள்ள புள்ளி ஜியான்யூ. பின்குழியில் உள்ளது ஜியான்லியாவ். மூன்றாவதான ஜியான்ஜென், அக்குளின் பின்மடிப்புக்குச் சற்று மேலே.

ஊசி ஒரு கருவிதான். மாசிபத்திரி வகை இலைகளைக் காயவைத்து, பஞ்சாக்கி, திரியாக உருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் அருகில் காட்டிச் சூடேற்றுவது இன்னொரு முறை, மாக்சா என்பார்கள். நம் மரிக்கொழுந்தும் இதே தாவரக் குடும்பத்தின் ஒரே பேரினத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தபோது, மதுரை மல்லிகைச் சரத்தின் நடுவே இருக்கும் அந்தப் பச்சையை வேறு கண்ணோடு பார்த்தேன். இதே பேரினத்தின் மற்றொரு செடியிலிருந்துதான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்து, சீனத்துத் தூ யூயூ அம்மையார் 2015-இல் நோபல் பரிசு பெற்றார். குவளை வைத்து உறிஞ்சுதல் மூன்றாவது முறை. இது நமக்குப் புதிதல்ல. யூனானி மருத்துவத்தில் ஹிஜாமா என்ற பெயரில் உண்டு. ஹக்கீம் அஜ்மல்கான் முயற்சியால் உருவாகி, 1921-இல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பியா கல்லூரி நம் கரோல்பாக்கிலேயே இருக்கிறது. துய்னா என்ற பிடித்துவிடும் முறையும், மூலிகைக் கஷாயங்களும் சீன வைத்தியத்தின் மற்ற அங்கங்கள்.

நம்மவர்கள் கொண்டுபோனதா?

2011-இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, "சீனாவுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்ததே நம்ம போதிதர்மர்தான்" என்று பிள்ளைகள் வகுப்பில் அடித்துச் சொல்வார்கள். போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்பதும் பழனியைச் சார்ந்த நம் மரபுவழிச் செய்தி. மரபை மதிப்போம்; ஆனால் காலக்கணக்கையும் பார்ப்போம். 1973-இல் சீனத்தின் ஹுனான் மாகாணத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்ட அந்தக் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் உடம்பின் பாதைகளும், சூடேற்றும் மருத்துவமும் எழுதப்பட்டிருந்தன. ஊசியைப் பற்றி இல்லை. ஊசி மருத்துவத்தை விரிவாகச் சொல்லும் 'மஞ்சள் பேரரசர் உள்நூல்' அதற்கடுத்துத் தொகுக்கப்பட்டது. போதிதர்மர் காலம் கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டு. ஆக, ஊசி மருத்துவம் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. நமக்குப் பெருமை வேண்டுமென்றால் வர்மக்கலை இருக்கிறது. அதைக் காப்பாற்றினாலே போதும்.

சீனத்திலும் இது எப்போதும் உச்சத்தில் இருந்ததில்லை. 1822-இல் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி மருத்துவத்தைப் பேரரசரே தடைசெய்தார். 1950-களில் மக்கள் சீன அரசுதான் இதற்கு மறுவாழ்வு கொடுத்தது. 1971-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டு, அதற்குப் பின் வந்த வயிற்று உபாதைக்கு ஊசி வைத்துக்கொண்டதை எழுதினார். அடுத்த ஆண்டு நிக்சனின் சீனப் பயணம். மேல்நாடு முழுவதும் பேச்சு பரவியது.

ஆனால் இந்தியாவுக்கு அது வர ரெஸ்டன் தேவைப்படவில்லை. 1938-இல், சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்கு ஐந்து இந்திய மருத்துவர்கள் அனுப்பப்பட்டார்கள்: அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. சோலாப்பூரைச் சேர்ந்த கோட்னிஸ் அங்கேயே பணியாற்றி 1942 டிசம்பரில், 32-ஆம் வயதில் காலமானார். சாந்தாராம் 1946-இல் எடுத்த படத்தின் மூலம் அவர் கதை வடநாட்டில் வீட்டுக்கு வீடு தெரியும். திரும்பி வந்த பிஜய் குமார் பாசு 1950-களின் கடைசியில் மறுபடி சீனம் சென்று அக்குபங்சர் கற்று, 1959 முதல் கல்கத்தாவில் அதைச் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் அக்குபங்சர் வேரூன்றியது அப்படித்தான். மேற்கு வங்கம் 1996-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

மத்திய அரசு 2003 நவம்பரில், பல மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த நிபுணர் குழுவின் கருத்தின்படி, அக்குபங்சரை ஒரு சிகிச்சை உத்தியாக ஏற்றது. பதிவுபெற்ற மருத்துவர்களும் முறையாகப் பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றது. அதே குழு ரெய்கி, காந்த வைத்தியம் போன்றவற்றை ஏற்கவில்லை. 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனியானதொரு மருத்துவ முறையாகவே அங்கீகரிப்பதாகச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. தில்லியிலும் சர் கங்கா ராம் போன்ற பெரிய மருத்துவமனையில் அக்குபங்சருக்குத் தனித்துறை அமைந்தது. இது மூலைக்கடை வைத்தியமாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சிகிச்சை அறையில்

எலும்பு மருத்துவர் வலி மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபிஸ்ட் கையைத் தொட்டாலே எனக்குக் கண்ணீர் வந்தது. பயிற்சி செய்தால் வலி, செய்யாவிட்டால் இறுக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, பிப்ரவரியில், எம்.பி.பி.எஸ். முடித்து அக்குபங்சரும் பயின்ற ஒரு பெண் மருத்துவரிடம் போனேன்.

ஊசி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மருந்து ஏற்றும் ஊசி. இது அதன் பாதிப் பருமன்கூட இல்லை. கால் மில்லிமீட்டர், கொஞ்சம் கூடலாம். உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. குத்தும்போது எறும்பு கடித்ததுபோல. அதன்பின் ஊசியை லேசாகத் திருகும்போது ஒருவிதமான கனம், மரமரப்பு, இழுப்பு தெரிந்தது. "அது வந்தாத்தான் சரியான இடம்" என்றார் மருத்துவர். தோளில் மூன்று, முழங்கை மடிப்பில் ஒன்று, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒன்று. இருபது நிமிடம் அப்படியே.

என்னை வியக்க வைத்தது கடைசி ஊசி. அது தோளில் இல்லை, காலில். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், கெண்டைக்கால் எலும்புக்கு வெளிப்பக்கம். தியாவ்கோ என்று அந்தப் புள்ளிக்குப் பெயர். அங்கே ஊசியை வைத்துத் திருகிக்கொண்டே, "இப்ப கையைத் தூக்குங்க மேடம். மெதுவா. இன்னும் கொஞ்சம்" என்றார். தூக்கினேன். வலித்தது, ஆனால் பத்து நிமிடம் முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று. தோளுக்குக் காலில் ஊசி என்பது நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த முறையின் உட்பொருளைக் கவனியுங்கள். ஊசி வைத்திருக்கும்போதே நோயாளி தன் தோளை அசைக்க வேண்டும். வலி சற்றே ஒதுங்கும் அந்த இடைவெளியில் மூட்டுக்கு வேலை கொடுக்க வேண்டும். சீன மருத்துவர்கள் ஊசியையும் அசைவையும் பிரித்து வைக்கவில்லை.

வாரம் இரண்டு முறையாகப் பத்து முறை போனேன். நாலைந்து முறைக்குப் பிறகு இரவில் தூங்கினேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக! தூங்கி எழுந்த உடம்பில் பயிற்சி செய்யத் தெம்பு வந்தது. குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு மெல்ல வட்டமாகச் சுழற்றுவது, சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலே ஏற்றுவது, துண்டை முதுகுக்குப் பின்னால் இரு கையாலும் பிடித்து நல்ல கையால் இழுப்பது. சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். கோடு வாரத்துக்கு ஒரு விரற்கடை மேலே ஏறியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எனக்குக் குறைந்தது என்பது சாட்சியே தவிர நிரூபணம் ஆகாது. தானாகவே இளகுகிற நோய் இது. இளகும் நேரத்தில் எதைச் செய்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். அதனால்தான் ஆய்வுகளைப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, அக்குபங்சர் பயன் தரும் நோய்களின் பட்டியலில் தோள்மூட்டு அழற்சியையும் சேர்த்தது. ஆனால் அதில் எடுத்துக்கொண்ட பல ஆய்வுகளின் தரம் போதாது என்ற கண்டனமும் எழுந்தது. 2005-இல் காக்ரேன் அமைப்பு தோள்வலிக்கான ஒன்பது ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, குறுகிய காலத்துக்கு வலியும் இயக்கமும் சற்றே மேம்படலாம், உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. 2010-இல் ஜெர்மனியில் நாட்பட்ட தோள்வலி உள்ள 424 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆறு வாரத்தில் 15 முறை சீன முறைப்படி ஊசி. இரண்டாவது குழுவுக்குப் பேருக்கு மேலோட்டமாகப் போலி ஊசி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான எலும்பு மருத்துவச் சிகிச்சை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் முறையே 65, 24, 37 விழுக்காடு. நாட்பட்ட பல வலிகளுக்கான ஆய்வுகளைச் சேர்த்து 2012-இலும் 2018-இலும் செய்த பெரும் கணக்கெடுப்புகளில், போலி ஊசியைவிட உண்மை ஊசிக்குப் பலன் கூடுதல், ஆனால் அந்த வித்தியாசம் பெரிதல்ல என்று தெரியவந்தது.

எப்படி வேலை செய்கிறது? 'ச்சி'யை நுண்ணோக்கியில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஊசி குத்தும்போது நரம்புகள் தூண்டப்பட்டு, எண்டார்ஃபின் என்னும் உடம்பின் சொந்த வலிநிவாரணிகள் சுரக்கின்றன என்பதை 1970-களிலிருந்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கூடவே, ஒருவர் பொறுமையாக விசாரித்து, இருபது நிமிடம் படுக்க வைத்துக் கவனிப்பதும் மருந்தில் ஒரு பங்குதான்.

இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: ஊசி வலியைக் குறைக்க உதவக்கூடும். இறுகிய உறையை அது அறுத்து விடுவதில்லை. வலி குறைந்த அந்த நாட்களில் கையை அசைத்துப் பழக்குவது நம் வேலை. மீதியைக் காலம் செய்யும்.

நான் செய்த தவறு

அந்த வருடம் மே விடுமுறைக்குத் திருநெல்வேலி போயிருந்தேன். என் தம்பி மனைவி, "மதினி, இங்க ஒருத்தர் ஊசியே இல்லாம ஒத்தை விரலால தொட்டே எல்லாத்தையும் சரி பண்ணுதாரு. போய்ப் பாருங்களேன்" என்றாள். போனேன். அக்குபங்சர் என்றுதான் பலகையில் எழுதியிருந்தது. நாடி பார்த்தார், ஒரு புள்ளியைத் தொட்டார். பிறகு, "உடம்பே உடம்பைச் சரி பண்ணிக்கும்மா. சர்க்கரை மாத்திரைதான் உங்க தோளைக் கெடுக்குது. எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார். தில்லியில் ஊசியால் வலி குறைந்திருந்த நம்பிக்கையில், படித்த நானும் நிறுத்தினேன்.

மூன்று வாரம். ஊர் திரும்பும் ரயிலில் தாகம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து பரிசோதித்தால் வெறும் வயிற்றில் சர்க்கரை 262. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை; மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான். சர்க்கரை மருத்துவர்தான் பேசினார்: "தோள் இறுகினா கொஞ்ச நாள் கை தூக்க முடியாது. சர்க்கரை இப்படி இருந்தா கண்ணும் சிறுநீரகமும் போகும். எதுக்கு எதைப் பணயம் வைக்கறீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. சர்க்கரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆயிற்று.

தில்லியில் எனக்கு ஊசி வைத்த மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். "முதல் நாளே உங்க மாத்திரைப் பட்டியலைக் கேட்டேனே, அது நிறுத்தச் சொல்றதுக்கா?" என்றார். நல்ல வைத்தியருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு கேள்வியில் கண்டுகொண்டேன்.

போகுமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, நோய் இன்னதென்று ஒரு மருத்துவரிடம் தெரிந்துகொண்டீர்களா? தோள்வலியோடு மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் ஊசியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்து அடிபட்டது, கை மரத்துப்போதல் இருந்தாலும் முதலில் பரிசோதனை.

இரண்டாவது, ஊசி புதிதா? ஒரே முறை பயன்படுத்தி எறியும் ஊசியை உங்கள் கண்முன் உறை பிரித்து எடுக்க வேண்டும். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவிய நிகழ்வுகள் உலகில் உண்டு.

மூன்றாவது, வைத்தியர் உடற்கூறு கற்றவரா? கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, நாம் கைவைத்து அழுத்திக்கொள்ளும் அந்த மேட்டுக்கு நேர் கீழே நுரையீரலின் முனை இருக்கிறது. அங்கே ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். அரிதுதான், ஆனால் ஆபத்தானது. சிகிச்சைக்குப் பின் மூச்சு முட்டினால் தாமதிக்கக் கூடாது.

நான்காவது, உங்கள் நிலையைச் சொன்னீர்களா? இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மங்கியவர்களுக்கு மாக்சா சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

ஐந்தாவது, சீன மூலிகை என்று பொட்டலம் கொடுத்தால் உள்ளே என்ன என்று கேளுங்கள். வலிக்கான சில சீனக் கலவைகளில் வச்சநாவி வகை சேரும். பக்குவம் தவறினால் அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், இளைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. மூலிகை என்றாலே கெடுதி இல்லை என்பது நம் மூலிகைக்கும் பொருந்தாது, சீன மூலிகைக்கும் பொருந்தாது.

கடைசியாக, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொன்னால், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

வலி தொடங்கி ஒன்றரை வருடத்தில் என் தோள் இளகியது. முதுகுக்குப் பின்னால் வலது கை இன்னும் இடது கை அளவுக்கு ஏறுவதில்லை, அது பரவாயில்லை. சமையலறைச் சுவரின் பென்சில் கோடுகளை வெள்ளையடிக்கும்போது அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தேதியை இப்போது பலகையின் மேல் மூலையிலேயே எழுதுகிறேன். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறது.